மாதவிடாய் நிற்கும் பருவமும் வீட்டாரின் கடமையும்

45 வயதை எட்டிய ஒரு பெண்ணுக்கு மாதவிடாய் முறை தவறத் தொடங்கி, காரணமின்றி உடம்பு கொதித்து வியர்த்து, இரவில் உறக்கமும் பகலில் நிதானமும் குறைந்துவருங்கால், அவளோடு ஒரே வீட்டில் வாழும் கணவனும் மக்களும் மாமியாரும் செய்யத்தக்கது யாது என்ற வினா, கேட்பதற்கு எளிதாகத் தோன்றினாலும், அதற்கு முன்னே தீர்க்க வேண்டிய வேறொரு வினாவின்மேல் நிற்பதால், இன்றளவும் முடிவான விடை பெறாமலே இருந்துவருகிறது. இப்பருவம் நோயா, இயற்கையா, மனோவிகாரமா, அல்லது சமூகம் பெண்ணுக்கு வகுத்த ஸ்தானத்தின் விளைவா என்பதே அந்த முதல் வினா. நோய் என்றவர்கள் வீட்டாரை வைத்தியரிடம் அனுப்பினார்கள். மனோவிகாரம் என்றவர்கள் பொறுத்துப்போகச் சொன்னார்கள். சமூகத்தின் விளைவு என்றவர்கள் கௌரவம் கொடுக்கச் சொன்னார்கள். இயற்கை என்றவர்கள் பெரும்பாலும் ஒன்றுமே சொல்லவில்லை.

கடைசி மாதவிடாய்க்குப் பின் தொடர்ந்து 12 மாதங்கள் வராதிருந்தால் அது நின்றுவிட்டதாகக் கொள்வது வைத்தியர்களின் இன்றைய வரையறை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இது 51 வயதை ஒட்டியும், இந்தியாவில் பொதுவாக 46, 47 வயதிலும் நிகழ்கிறது. ஆனால் சினைப்பைகளில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனின் சுரப்பு ஏறியும் இறங்கியும் தடுமாறும் காலம் அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே தொடங்கிவிடுகிறது. மாதவிடாய் வந்துகொண்டுதானே இருக்கிறது என்ற எண்ணத்தால், வீட்டாரும், பல சமயம் அவளும்கூட, அந்தத் தடுமாற்றத்தின் காரணத்தை வேறெங்கோ தேடுவது இந்தக் காலத்தில்தான்.

பழைய நூல்களும் வீட்டு வழக்கும்

மாதவிடாய் ஏறக்குறைய 40 வயதில் நிற்கிறது, சிலருக்கு 50 வரை நீடிக்கிறது என்று அரிஸ்டாட்டில் எழுதினார். 12 வயதில் தொடங்கி 50 வயதில் தேய்கிறது என்று சுசுருத சம்ஹிதை கூறிற்று. அவ்விடங்களில் இரு நூல்களும் வயதைக் குறித்ததோடு அமைந்தன. நம் உலா இலக்கியமோ பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக ஏழு பருவங்களை வகுத்து, பேரிளம்பெண்ணுக்கு 40 வயதை எல்லையாக வைத்தது; அதற்கு மேற்பட்டவளும் தலைவனின் பவனி காணத் தெருவுக்கு வரக்கூடும் என்று புலவர்கள் கருதவில்லை போலும்.

ஏட்டில் இல்லாதது வழக்கில் இருந்தது. தூரம் நின்றுவிட்டது என்பது ஆறுதலாகவும், உடம்புச் சூடு, பித்தம் தலைக்கேறிவிட்டது என்பன விளக்கங்களாகவும், மோரும் இளநீரும் ஊறவைத்த வெந்தயமும் எண்ணெய்க் குளியலும் பரிகாரங்களாகவும் வழங்கிவந்தன. இவ்வழக்கை இகழ வேண்டுவதில்லை. உடம்பு கொதிக்கிறது என்று அவள் சொன்னதை அது தட்டிக்கழிக்காமல் ஏற்றுக்கொண்டது. விளக்கம் ஒன்று கைவசம் இருந்தமையால் மேற்கொண்டு விசாரிக்க எவருக்கும் தோன்றாமற்போனதே அதன் குறை.

இப்பருவத்துக்கு இன்று உலகெங்கும் வழங்கும் ‘மெனோபாஸ்’ என்ற பெயரின் மூலவடிவத்தை 1816இல் கார்தான் என்ற பிரெஞ்சு வைத்தியர் அமைத்தார். 1857இல் எட்வர்ட் டில்ட் என்ற ஆங்கில வைத்தியர் இதற்கென ஒரு தனி நூலே எழுதினார். நரம்பை அடக்கும் மருந்துகளும் அமைதியான வாழ்வும் அக்காலத்து உபாயங்கள். நோயாளியைக் கிளர்ச்சி தரும் காரியங்களிலிருந்து விலக்கி வைப்பதே குடும்பத்தின் கடமையாக எண்ணப்பட்டது. விலக்கி வைக்க வசதியுள்ள குடும்பங்களுக்கே அது பொருந்தியது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மருந்தின் யுகம்

1929இல் ஈஸ்ட்ரோஜன் வகையைச் சேர்ந்த ஹார்மோன் ஒன்றை அமெரிக்காவில் டாய்சியும் ஜெர்மனியில் பூட்டெனாண்டும் தனித்தனியே பிரித்தெடுத்தபின், விவாதத்தின் திசையே மாறிற்று. சினையுற்ற குதிரைகளின் சிறுநீரிலிருந்து தயாரிக்கப்பட்ட பிரிமாரின் மாத்திரை 1942இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 1966இல் ராபர்ட் வில்சன் என்ற நியூயார்க் வைத்தியர், மாதவிடாய் நிற்பது ஹார்மோன் குறைவால் வரும் நோய் என்றும், மருந்தால் பெண்மையை என்றும் காக்கலாம் என்றும் எழுதிய புத்தகம் அமோகமாக விற்பனையாயிற்று. அக்காலத்து மருந்து விளம்பரங்களை இன்று புரட்டிப் பார்ப்பவர்க்கு ஒரு விஷயம் உறுத்தும்: மனைவி மாத்திரை உண்பதால் கணவனுக்குக் கிடைக்கும் நிம்மதியும் மருந்தின் பலன்களுள் ஒன்றாக அவற்றில் காட்டப்பட்டிருந்தது. பிறர்க்குத் தொல்லை இல்லாமற்போவதையே அவள் குணமடைந்ததற்கு அளவுகோலாகக் கொள்ளும் இம்மனப்பான்மை அந்த விளம்பரங்களோடு மறைந்துவிட்டதாகச் சொல்வதற்கில்லை.

ஈஸ்ட்ரோஜனைத் தனியே கொடுத்தால் கருப்பையின் உட்சுவரில் புற்றுநோய் மிகுகிறது என்பது 1975இல் தெரியவந்தது. அதன்பின் கருப்பை உள்ளவர்களுக்குப் புரோஜெஸ்டின் என்ற மற்றொரு ஹார்மோனையும் சேர்த்துக் கொடுக்கும் முறை நிலைத்தது. 2002இல் அமெரிக்காவில் 16,000க்கு மேற்பட்ட பெண்களைக்கொண்டு நடந்த பெரும் பரீட்சை, இக்கூட்டு மருந்தால் மார்பகப் புற்றும் பக்கவாதமும் இதய நோயும் சற்று மிகுவதாகக் கண்டு இடையிலேயே நிறுத்தப்பட்டது. மிகுந்த அளவு, மார்பகப் புற்றைப் பொறுத்தவரை, ஆண்டொன்றுக்கு 10,000 பேரில் 8 பேர். இடுப்பெலும்பு முறிவும் பெருங்குடற் புற்றும் குறைந்தன என்பதும் அதே அறிக்கையில் இருந்தது. பரீட்சைக்கு உட்பட்டவர்களின் சராசரி வயது 63. அதாவது அவர்களுட் பலர் இப்பருவத்தைக் கடந்து பத்தாண்டுகளுக்கு மேலானவர்கள். 60 வயதுக்குட்பட்டோ, மாதவிடாய் நின்று 10 ஆண்டுகளுக்குள்ளோ இருப்பவர்களுக்கு, வேறு தடை இல்லாதபோது, உடம்பு திடீரெனக் கொதித்து வியர்க்கும் கடுமையான வெப்பவீச்சுக்கு இம்மருந்தின் நன்மை தீமையைவிடப் பெரும்பாலும் மிகுதி என்பது பிற்பாடு ஏற்பட்ட கருத்து. மார்பகப் புற்று கண்டவர்கள், இரத்தம் உறையும் கோளாறு உள்ளவர்கள் முதலியோருக்கு இது ஆகாது. வெப்பவீச்சைத் தணிக்கும், ஹார்மோன் அல்லாத ஃபெசோலினிடன்ட் என்ற மருந்துக்கு 2023இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

2002ஆம் ஆண்டின் செய்தி பரவிய வேகம் பின்னர் வந்த திருத்தத்துக்கு வாய்க்கவில்லை. ஆகவே, வைத்தியர் யோசித்து எழுதிக்கொடுத்த மருந்தை, எங்கோ அரைகுறையாகக் கேட்ட ஒருவர் ‘அதெல்லாம் கேன்சர் கொண்டுவரும்’ என்று வீட்டில் தடுப்பதும், நேர்மாறாக, நாள்பட்ட கோபத்துக்கு மாத்திரை வாங்கி வரும்படி அவளைத் துரத்துவதும் ஒருங்கே நடக்கின்றன. இவ்விரண்டும் அவள் செய்ய வேண்டிய முடிவை வேறொருவர் செய்துவிடும் காரியங்களே.

இவ்விஷயத்தில் வெளிப்படையாகப் பேசப்படாத ஒன்றும் உண்டு. வெப்பவீச்சு சில ஆண்டுகளில் தணியக்கூடும்; பிறப்புறுப்பின் வறட்சியும் அதனால் தாம்பத்திய உறவில் நேரும் வலியும் தாமாகத் தணிவதில்லை, காலப்போக்கில் மிகவும் கூடும். அவள் ஒதுங்குவதை வெறுப்பென்று கணவன் கொள்வதும், காரணத்தைச் சொல்ல நாணி அவள் மௌனமாவதும், அவ்விடத்தில் பூசும் மருந்துகளால் பெருமளவு தவிர்க்கக்கூடிய துன்பங்கள்.

மனோவிகாரம் என்ற கொள்கை

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய மனநல வைத்தியர் எமில் கிரெபெலின் வகுத்த மனநோய்ப் பாகுபாட்டில், நடுவயதுக்குப் பின் வரும் சோகநோய்க்குத் தனி இடம் இருந்தது. நெடுங்காலம் அது மாதவிடாய் நிற்பதோடு இணைத்தே பேசப்பட்டது. ஃபிராய்டின் வழிவந்த ஹெலன் டாய்ச் இப்பருவத்தைப் பெரியதோர் இழப்பாகவே சித்திரித்தார். 1979இல் மிர்னா வைஸ்மன் என்ற ஆராய்ச்சியாளர், அத்தகைய தனி நோய் ஒன்று உண்டென்பதற்கு ஆதாரம் இல்லை என்று காட்டினார்; அடுத்த ஆண்டு வெளிவந்த அமெரிக்க மனநல வைத்தியர்களின் கையேட்டிலிருந்து அந்தப் பெயர் நீங்கிற்று.

1980களில் மாசசூசெட்ஸில் நடந்த நீண்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே சென்றது. நடுவயதுப் பெண்களின் மனச்சோர்வு இயல்பாக மாதவிடாய் நிற்பதோடு அத்துணை சம்பந்தப்படவில்லை. நோயுற்ற கணவர், பருவ வயதுப் பிள்ளைகள், தளர்ந்த பெற்றோர் என்று பல திசைகளிலிருந்து ஒருங்கே வந்து சேர்ந்த கவலைகளோடுதான் மிகுதியும் சம்பந்தப்பட்டிருந்தது. பிற்காலத்து ஆய்வுகள் இதைச் சற்றுத் திருத்தின. ஹார்மோன் தடுமாறும் ஆண்டுகளில், குறிப்பாக முன்பே மனச்சோர்வு கண்டவர்களுக்கு, அது திரும்பும் அபாயம் மெய்யாகவே கூடுகிறது. எனவே உடலை முற்றிலும் விடுவிக்கவும் முடியாது. வீட்டைக் குற்றத்திலிருந்து விலக்கவும் முடியாது.

‘அந்த வயசு அப்படித்தான்’ என்று வீடுகளில் சொல்லப்படும் வாக்கியம் இக்கொள்கையின் எச்சம். அனுதாபம் போல் ஒலித்தாலும் அது இரண்டு தீமைகளைச் செய்கிறது. நியாயமான மனக்குறை ஒன்றை அவள் எடுத்துரைக்கும்போது, அதை ஹார்மோனின் பேச்சென்று தள்ளிவிடுவது ஒன்று. படபடப்பும் களைப்பும் மூச்சுவாங்கலும் தைராய்டுக் கோளாறாலோ இரத்தசோகையாலோ இதய நோயாலோ வந்திருக்கக்கூடும் என்ற ஐயமே எழாமற்செய்வது மற்றொன்று. ஓராண்டு நின்றுபோன இரத்தப்போக்கு ஒரு துளி மீண்டும் தென்பட்டாலும் அதைத் தாமதமின்றிப் பரிசோதித்தாக வேண்டும். ‘போகப்போகச் சரியாகிவிடும்’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக்கூடாத இடம் அது.

கௌரவம் மருந்தாகுமா?

1975இல் மார்ஷா ஃபிளின்ட் என்ற அமெரிக்க மானிடவியலர் ராஜஸ்தானத்திலும் ஹிமாசலத்திலும் வாழ்ந்த 483 ராஜபுத்திரப் பெண்களைப் பற்றி எழுதிய கட்டுரை, இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. மாதவிடாய் மாற்றம் தவிர வேறு தொல்லை எதையும் அவர்களிற் பெரும்பாலோர் கூறவில்லை. முக்காட்டுக்குள் மாடியில் அடைபட்டிருந்தவர்கள், மாதவிடாய் நின்றபின் கீழே இறங்கிவந்து ஆண்கள் கூடிக் குடித்துப் பேசும் இடத்தில் தாமும் உட்கார்ந்து பேசும் உரிமை பெற்றார்கள் என்பதை அவர் இதற்குக் காரணமாகக் கருதினார். மேல்நாட்டில் தண்டனையாக இருப்பது அங்கே வெகுமதியாக இருக்கிறது என்பது அவரது வாதம்.

கேட்பதற்கு இனிய இக்கருத்தை நம் தமிழ்நாட்டில் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. 10 முதல் 50 வயது வரையுள்ள பெண்களுக்குச் சபரிமலையில் இருந்துவந்த தடை 2018ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு உள்ளான கதையை அறிவோம். அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே, தூரம் நின்றபின் இருமுடி கட்டி மலையேறும் மூதாட்டியரைத் தமிழ்நாட்டு ஊர்கள் கண்டுவந்திருக்கின்றன. பூஜை அறைக்கும் திருவிழாவுக்கும் நாள் பார்க்க வேண்டிய கட்டு நீங்கியதை விடுதலையாகவே பலர் உணர்கின்றனர். ஆயினும் விடுதலை உணர்வும் மூட்டுவலியும் ஒரே உடம்பில் ஒருங்கே இருக்க முடியாதவை அல்ல. இந்தியாவில் பிற்காலத்தில் நடந்த பல கணக்கெடுப்புகள் மூட்டுவலி, தசைவலி, களைப்பு ஆகியவற்றை மிகுதியாகக் கண்டன. வெப்பவீச்சும் அரிதாக இல்லை. ஃபிளின்ட் கண்ட பெண்கள் துன்பப்படவில்லையா, அன்றிச் சொல்லும் வழக்கம் இல்லையா என்பது அக்கட்டுரையைக் கொண்டு தீர்க்கக்கூடியதன்று.

மானிடவியலர் மார்கரெட் லாக் 1993இல் வெளியிட்ட நூல் இதைவிட ஆழமானது. ஜப்பானியப் பெண்கள் வெப்பவீச்சைக் குறைவாகவும் தோள் இறுக்கத்தை மிகுதியாகவும் கூறியதைக் கண்ட அவர், உணவும் உடலும் இடத்துக்கு இடம் வேறுபடுவதால் அனுபவமும் வேறுபடுகிறது என்றார். அந்நூலின் மற்றொரு பகுதி நம் வாசகர்களுக்கு இன்னும் பரிச்சயமாகத் தோன்றும். இப்பருவத்துத் தொல்லைகளை, வேலையற்ற நகரத்து இல்லத்தரசிகளின் சொகுசு நோய் என்று அங்குள்ள வைத்தியர் சிலர் இகழ்ந்தனர். அதே பெண்களோ கணவரின் முதிய பெற்றோரைப் படுக்கையில் வைத்துப் பராமரித்துக்கொண்டிருந்தார்கள்.

பாட்டியைப் பற்றிய சித்தாந்தம்

இனப்பெருக்கம் நின்றபின்னும் பெண் நெடுநாள் வாழ்வது ஏன் என்பதற்கு, தன் பேரக்குழந்தைகளைப் பேணுவதால் அவள் வம்சம் தழைக்கிறது என்ற விடையை, பரிணாமவியலர் ஜார்ஜ் வில்லியம்ஸ் 1957இல் போட்ட விதையிலிருந்து வளர்த்தவர் மானிடவியலர் கிறிஸ்டன் ஹாக்ஸ். டான்சானியாவின் ஹட்சா மக்களிடையே கிழங்கு அகழும் பாட்டிகளை அவர் சான்றாகக் காட்டினார். மாமியாரும் மருமகளும் ஒரே காலத்தில் பிள்ளை பெற்ற வீடுகளில் குழந்தைகளின் சாவு மிகுந்ததைப் பின்லாந்தின் பழைய தேவாலயப் பதிவேடுகளிலிருந்து 2012இல் வேறு சிலர் எடுத்துக்காட்டினர். விஞ்ஞானத்துக்கு இவை சுவையானவை. ஆனால் பரிணாமம் எதற்காக நேர்ந்ததோ அதையே இன்றைய பெண் செய்ய வேண்டும் என்று ஒருவர் முடிவு கட்டினால், 48 வயதுக்காரியின் மடியில் பேரக்குழந்தையைப் போட்டுவிட்டு அதையே ஆறுதலென்று கூறும் வழக்கத்துக்கு விஞ்ஞானத்தின் பெயரால் ஓர் அனுமதிச் சீட்டுக் கிடைத்துவிடும். அந்தச் சீட்டை இந்தச் சித்தாந்தம் வழங்கவில்லை.

கருப்பையை எடுக்கும் முடிவு

மேற்கண்ட கொள்கைகள் யாவும் இயல்பாக நிற்பதைப் பற்றியவை. நம் நாட்டில் குடும்பத்தின் கை நேரடியாகப் படும் இடம் வேறு. அதிக இரத்தப்போக்கென்று மருத்துவமனைக்குப் போன பெண்ணிடம் கருப்பையை எடுத்துவிடலாம் என்று சொல்லப்படும்போது, ‘பிள்ளை பெற்றாயிற்று, இனி எதற்கு அது’ என்று உடன் வந்தவர்கள் அரைமணி நேரத்தில் சம்மதித்துக் கையொப்பம் இடுவது அபூர்வமன்று. ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் 15 முதல் 49 வயதுக்குள் கருப்பை நீக்கப்பட்டவர்களின் விகிதம் நாட்டுச் சராசரியின் இரு மடங்குக்கும் மேல் என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புக் காட்டியிருக்கிறது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களிடையே, மாதவிடாய் நாட்களில் கூலி போய்விடுமே என்ற அச்சத்தால் இளவயதிலேயே இது மிகுந்திருந்த செய்தி 2019இல் வெளியாகி அரசு விசாரணை வரை சென்றது.

கருப்பையோடு சினைப்பைகளையும் நீக்கினால், ஆண்டுக்கணக்கில் மெல்ல வர வேண்டிய மாற்றம் அன்றே வந்துவிடுகிறது. எலும்பும் இதயமும் ஈஸ்ட்ரோஜனின் காவலை அவ்வளவு முன்னதாகவே இழக்கின்றன. சினைப்பைகளை விட்டுவைத்தாலும் அவை சற்று முன்னதாக ஓய்வதுண்டு. சில நோய்களுக்கு இச்சிகிச்சை தவிர்க்க முடியாதது. பலவற்றுக்கு மாத்திரைகளும், கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனமும் உள்ளன. உடன் போகிறவர் கேட்க வேண்டிய கேள்விகள் சிலவே: வேறு வழி உண்டா, சினைப்பைகளும் போகுமா, போனால் இயல்பாக நிற்கும் வயது வரை ஹார்மோன் கொடுப்பீர்களா, இன்னொரு வைத்தியரைக் கேட்டுவிட்டு வரலாமா? குடும்ப ஆதரவைப் பற்றி எழுதப்படும் அறிவுரைகளில் இக்கேள்விகள் அருகியே காணப்படுவது வியப்புக்குரியது.

வீட்டின் உதவியை நேரே அளந்தவர்கள்

கணவரின் ஆதரவு மிகுந்த பெண்கள் குறைந்த தொல்லையைக் கூறுகிறார்கள் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. ஆதரவால் தொல்லை குறைந்ததா, தொல்லை குறைந்த வீட்டில் ஆதரவு எளிதாயிற்றா என்று அவை பிரித்துக் கூற இயலாது. ஈரானில் கணவர்களுக்கு இப்பருவத்தைப் பற்றிய பாடங்கள் நடத்திப் பார்த்த சில பரீட்சைகள் நல்ல பலனை அறிவித்திருக்கின்றன. அவை சிறியவை, தொடர்ந்து கவனித்த காலமும் குறுகியது. லண்டனில் உளவியலர் மைரா ஹன்டர் குழுவினர் நடத்திய மனப்பயிற்சிப் பரீட்சைகள், வெப்பவீச்சின் எண்ணிக்கையை அதிகம் குறைக்காமலே அதனால் வரும் அலைக்கழிப்பைக் குறைக்கலாம் என்று காட்டின. சூழ்நிலையும் எண்ணமும் அனுபவத்தை மாற்ற வல்லவை என்பதற்கு இது ஓரளவு உறுதியான சான்று.

வெப்பவீச்சென்பது, உடம்பின் வெப்பத்தைக் காக்கும் மூளைப்பகுதி, ஈஸ்ட்ரோஜன் குறைந்தமையால், மிகச் சிறிய வெப்ப உயர்வையும் பெரிதெனக் கொண்டு தோலின் இரத்தக் குழாய்களைத் திறந்து வியர்க்கச் செய்வது. ஒருமுறை வந்தால் சில நிமிஷங்களே நீடிக்கும். ஆனால் அமெரிக்காவில் 1996 முதல் நடந்துவரும் ஒரு பெரிய ஆய்வில், அடிக்கடி வந்தவர்களுக்கு அது இடைநிலையாக 7.4 ஆண்டுகள் தொடர்ந்தது. இதை ஒரு தமிழ் வீட்டில் வைத்துப் பார்த்தால், அடுப்படியில் தோசைக்கல்லின் முன் நிற்பவளுக்குக் கழுத்தும் முகமும் திடீரென்று சிவந்து ரவிக்கை நனைகிறது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து மின்விசிறியை ஐந்தில் வைக்கிறாள். சற்றைக்கெல்லாம் வியர்வை காய்ந்து குளிர்கிறது. அதற்குள் கணவர் எழுந்து அதை இரண்டுக்குக் குறைத்துவிடுகிறார். காலை ஐந்து மணிக்குப் பால் காய்ச்ச வேண்டியவள் அவளே. மின்விசிறியை அவள் கட்டிலின் பக்கமாக மாற்றுவதும், பருத்தி உடையும், காலை அடுப்பை வேறொருவர் பற்றவைப்பதும் எந்த ஆராய்ச்சிக்கும் காத்திருக்க வேண்டியவை அல்ல. எலும்புக்காகக் கேழ்வரகையும் எள்ளையும் சேர்க்கச் சொல்லும் அறிவுரை சரியானதே. ஆனால் அதையும் அவளே சமைக்க வேண்டுமென்றால் அது உதவியாகாமல் இன்னொரு வேலையாகிவிடுகிறது.

தீர்ந்தவையும் தீராதவையும்

இதுவரை கண்டவற்றை நிறுத்துப் பார்க்கையில், இப்பருவம் நோயன்று என்பதும், நோயன்று என்பதால் சிகிச்சை வேண்டாம் என்றாகிவிடாது என்பதும் பெரும்பாலும் ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டன எனலாம். குடும்பத்தை வெளியிலிருந்து கைகொடுக்கும் துணையாக மட்டும் வைத்துப் பேசுவது போதாது என்றே எனக்குத் தோன்றுகிறது; மாசசூசெட்ஸ் ஆய்வும் லாக்கின் நூலும் காட்டுகிறபடி, அவளது பாரத்தில் ஒரு பகுதி குடும்பமே ஏற்றியது. ஆயினும் அப்பாரத்தைக் குறைத்தால் உறக்கமும் சோர்வும் எவ்வளவு மாறும் என்பதை அளந்து சொல்லும் பரீட்சை அரிது. கணவருக்கு எவ்வளவு தெரியும் என்று கேட்டவர்கள், அவர் எந்த வேலையை எடுத்துக்கொண்டார் என்று அவ்வளவாகக் கேட்கவில்லை. கணவனை மையமாக வைத்த இவ்வாராய்ச்சிகளில் கைம்பெண்களுக்கும் மணமாகாதவர்களுக்கும் இடம் குறைவு. மாமியாருக்கு மாதவிடாய் நிற்கும் ஆண்டுகளில் மருமகள் முதற்குழந்தை பெறும் கூட்டுக் குடும்பத்தில் யார் யாருக்கு உதவுவது என்பதும், சினைப்பைகளை 38 வயதில் இழந்த கூலித் தொழிலாளிக்கு எந்த அறிவுரை பொருந்தும் என்பதும் இனித்தான் ஆராயப்பட வேண்டியவை.